எட்டாம் வகுப்பில் முளைத்த கதவு

1953 ஆகஸ்டில், மைசூரில் ஒரு பெண்கள் பள்ளியின் எட்டாம் வகுப்புத் தமிழ்ப் பிரிவில், பெஞ்சுகளுக்கு நடுவே ஒரு கதவு முளைத்தது. சுவர் கிடையாது, நிலையும் கதவும் தாழ்ப்பாளும் மட்டும், ஆறடி உயரம், நல்ல தேக்கு. காரணம் தேடி யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், தமிழ் டீச்சர் ஹில்டாதான் காரணம். பாடப்புத்தகத்தில் ஒரு சிறுகதை: வேலை தேடிப் போன புருஷனுக்காக ஒருத்தி தினமும் கதவைத் தாழிடாமல் வைக்கிறாள். கதவு எதைக் குறிக்கிறது என்பது கேள்வி. நம்பிக்கையைக் குறிக்கிறது என்று ஹில்டா ஒன்பது வருடமாக நோட்ஸ் சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளைகளும் அந்தத் தமிழைக் கன்னட எழுத்தில் எழுதி உருப்போட்டு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குப் பத்துப் பேர் ஒப்பித்தார்கள். பதினோராவது பெண் அஞ்சலை மட்டும், கதவு கதவைத்தான் குறிக்கிறது என்றாள். ஹில்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கதவு என்றால் நம்பிக்கை என்று வகுப்பு முழுவதையும் நாற்பது தடவை கத்தவைத்தாள். நாற்பதாவது தடவை முடிந்தபோது கதவு நின்றுகொண்டிருந்தது.

அதன் பிறகு பட்ட பாடு கொஞ்சமல்ல. பியூன் சித்தையன் ரம்பத்தால் அறுத்தான். மரத்தூள் விழுந்தது, கதவு குறையவில்லை. தாழ்ப்பாளோ அசையவே இல்லை. மேலிடத்துக்கு எழுதினால், யார் அனுமதியில் கதவு வைத்தீர்கள் என்று பதில் வருகிறது. அதற்கு என்னத்தைச் சொல்வது? பக்கத்து வகுப்புக் கெம்பம்மா, கதவிடுக்கு வழியாகக் காற்றடித்துத் தன் பிள்ளைகளுக்கு ஜலதோஷம் என்று தினமும் கன்னடத்தில் சண்டைக்கு வந்தாள். பின்பெஞ்சுக்குக் கரும்பலகை தெரியவில்லை.

அஞ்சலையும் மசியவில்லை. அவள் அப்பா அய்யாவு அணைக்கட்டு வேலைக்கென்று போய் மூன்று வருடம், ஒரு கடுதாசி இல்லை. பெண் இந்த வருடம் பாஸாகாவிட்டால் ஊதுவத்தி உருட்ட அனுப்பிவிடுவதாக அம்மா பாப்பம்மாள் டீச்சரிடமே வந்து சொல்லிவிட்டாள். மார்ச்சில் இன்ஸ்பெக்டர் வந்து வாய்மொழியாகக் கேட்பார். அவர் பாஸ் போட்டால்தான் ஒன்பதாம் வகுப்பு. ஒரே ஒரு வார்த்தைதானே, சொல்லித் தொலையேன் என்று ஹில்டா கெஞ்சினாள், திட்டினாள், பெஞ்சு மேல் ஏற்றி நிற்கவைத்தாள். என்ன பிடிவாதமோ, அந்தப் பெண் அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார். கதவைச் சுற்றிக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அதே கேள்வியை அஞ்சலையிடமே கேட்டார்.

"அது நம்பிக்கை இல்லைங்க சார்," என்றாள் அஞ்சலை. "நம்பிக்கை இருந்தா நிம்மதியாத் தூங்கிருவாங்க. எங்கம்மா தாழ்ப்பாள் போட்டுட்டுத்தான் படுக்கும். அப்பா வரமாட்டாருன்னு எனக்கும் தெரியும். ஆனாலும் நான் எந்திரிச்சுப் போய் எடுத்து விட்டுருவேன். இல்லாட்டி தூக்கம் வராது."

இன்ஸ்பெக்டர் விடைக் குறிப்பைப் புரட்டினார். அதில் அப்படி எதுவும் இல்லை. இது சரியா என்று ஹில்டாவைக் கேட்டார். ஒன்பது வருட நோட்ஸ் அவள் கையில் இருந்தது. எரிச்சலில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"சரிதான் சார். நான்தான் இத்தனை வருஷமா தப்பா எழுத வெச்சிருக்கேன். பாஸ் போடுங்க."

போட்டார். தாழ்ப்பாள் தானாக விலகிக் கதவு ஒரு சாண் திறந்தது. எல்லோரும் பார்த்தார்கள். யாரும் வரவில்லை.

ஜூனில் அஞ்சலை ஒன்பதாம் வகுப்புக்குப் போனபோது கதவும் அங்கே போயிருந்தது. சித்தையன் யாரும் சொல்லாமலே பெஞ்சுகளை இரண்டு பக்கமும் தள்ளிப் போட்டான். அடுத்த வருடம் பத்தாம் வகுப்பிலும் அப்படியே. அய்யாவு வரவில்லை. சாயங்காலம் வகுப்பறைக்குப் பூட்டுப் போடுவதற்கு முன்னால், நடுவில் நிற்கும் கதவின் தாழ்ப்பாள் எடுத்து விட்டிருக்கிறதா என்று ஹில்டா ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.