பதினோரு தாடைகள்

பிரெஞ்சுப் பட்டாளம் எங்கள் மலைக்குள் நுழையாத காலம் அது. ஆண்கள் சந்தைக்குப் போயிருந்தார்கள். பெண்கள் பத்துப் பேர் ஓடையில் கம்பளி அலசிக்கொண்டிருந்தோம். கணவாய்ப் பக்கமிருந்து ஒருத்தி தள்ளாடி வந்தாள். நேராக, எங்களோடு அலசிக்கொண்டிருந்த துதாவின் கூடாரத்துக்குள் போய் நடுக்கம்பைக் கட்டிக்கொண்டாள். கம்பைப் பிடித்தவளை விரட்டும் வழக்கம் எங்களுக்கு இல்லை.

துதா பின்னாலேயே போய் அவள் முக்காட்டை விலக்கினாள். கீழுதட்டிலிருந்து தாடை நுனிவரை பேரீச்ச ஓலை பச்சை குத்தியிருந்தது. எங்கள் எல்லாருக்கும் இருக்கிற அதே ஓலை.

"நம்ம குலத்துப் பொண்ணுடீ! யாரு மக நீ?"

"பாஸ்ஸு மக, இஜ்ஜா. வடக்கே கட்டிக் குடுத்தாங்க. நாலு வருஷமா அடி. இனி முடியலக்கா."

அவள் உதட்டோரம் தனியாக ஒரு புள்ளி இருந்தது. "இது என்னம்மா?" என்றேன்.

"மொதப் புள்ள செத்தப்ப குத்திக்கிட்டேன். அடுத்ததாவது தங்கட்டும்னு."

பார்லி ரொட்டியும் மோரும் கொடுத்தோம். அவள் பாதி தின்பதற்குள் புருஷன் ஹம்மு தடியோடு வந்துவிட்டான்.

"என் பொண்டாட்டிய அனுப்புங்க!"

துதா வெளியே போய் வழிமறித்தாள். "எப்படி இருப்பா?"

"தாடையில ஓலை குத்தியிருக்கும்."

"சரி தம்பி, இங்க எல்லாருக்கும் அந்த ஓலைதான். தாடைய மட்டும் பாத்து அவ யாருன்னு காட்டு. சரின்னா கூட்டிட்டுப் போ. தப்புன்னா வந்த வழியே போயிடணும்."

"என் பொண்டாட்டிய எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தான்.

கம்பளிப் போர்வையைத் தலையிலிருந்து மூக்குவரை, தாடை மட்டும் தெரிய இழுத்துவிட்டு, இஜ்ஜாவையும் நடுவில் வைத்து, பதினோரு பேரும் வரிசையாக உட்கார்ந்தோம். "அந்தப் புள்ளியப் பாத்தான்னா தீந்துச்சு அக்கா," என்று துதாவிடம் முணுமுணுத்தேன்.

"அதப் பாக்கறவனா இருந்தா இவ ஏன்டி ஓடி வரப்போறா?"

ஹம்மு ஒவ்வொரு தாடையாகக் குனிந்து பார்த்தான். இஜ்ஜாவின் முன்னால் சற்று நின்றான். பிறகு நகர்ந்தான். கடைசியில் தடியை நீட்டி, "இவதான்!" என்றான்.

போர்வையைத் தூக்கினாள் யம்னா. அறுபது வயது, வாயில் இரண்டே பல். "வாங்க மாமா, போலாம்! கழுதை எங்க?"

மலையே அதிரச் சிரித்தோம். ஏமாற்று என்று கத்தினான், தடியை ஓங்கினான். பதினோரு பேரும் ஒன்றாக எழுந்து நின்றதும் போய்விட்டான்.

இஜ்ஜா மட்டும் சிரிக்கவில்லை. "அந்தப் புள்ளிய நேருக்கு நேர் பாத்தான்க்கா. அது எதுக்குன்னே அவனுக்குத் தெரியல," என்று துதாவின் மடியில் விழுந்து அழுதாள்.

பெரியவர்கள் கூடி அந்த இலையுதிர் காலத்திலேயே விவாகத்தை முறித்தார்கள். இரண்டு வருஷம் இஜ்ஜா எங்களோடு கம்பளி நெய்தாள். பிறகு மேய்ச்சலுக்கு வந்த ஓர் ஆட்டுக்காரனைத் தானே பார்த்து, தானே சம்மதித்துக் கட்டிக்கொண்டாள்.