தலை போன போல்ட்

டப்பென்று ஒரு சத்தம். போல்ட்டின் தலை மட்டும் ஸ்பேனரோடு வந்தது. மீதி முன்ஃபோர்க்கின் அடியில் உள்ளேயே நின்றுவிட்டது. சக்கரத்தின் அச்சைக் கவ்விப் பிடிக்கிற போல்ட் அது. அது இல்லாமல் வண்டியைத் தெருவில் இறக்க முடியாது.

வண்டி என் மனைவியுடையது. எட்டு மாதம் அலைந்து அவளுக்கு மருந்து டெலிவரி வேலை ஒன்று கிடைத்திருந்தது. மதியம் மூன்று மணிக்கு வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். தவறினால் வேலை அடுத்த ஆளுக்கு. முன் டயர் மொட்டையாகிவிட்டது என்று மெக்கானிக்கிடம் கிளம்பியவளை, "இதுக்கெல்லாமா மெக்கானிக்? நான் எதுக்கு இருக்கேன்?" என்று தடுத்த மகராசன் நான்தான். தலை போனதும் சக்கரம் கழன்றது, புது டயர் ஏற்றி மறுபடி மாட்டியும் ஆயிற்று. புது போல்ட் போடத்தான் வழியில்லை.

"என்னாச்சுங்க?" தலை உடைந்த சத்தத்துக்கே ஹேண்டிலைப் பிடித்திருந்தவள் கேட்டாள்.

"துருப்பிடிச்சு உள்ள ஒட்டிக்கிச்சு. நான் என்ன பண்றது?"

உடனே தங்கைக்குப் போன் செய்தாள்.

மச்சினி லேத் பட்டறையில் வேலை பார்க்கிறவள். வரும்போதே மணி ஒன்றரை. துளை போடுவாள், வெல்டிங் வைப்பாள், அலுமினிய ஃபோர்க் பிளந்துகொள்ளும் என்று எனக்குப் பயம். அவளோ தரையில் மல்லாந்து படுத்து, டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு பையிலிருந்து ஒரு தடித்த ஊசியை எடுத்தாள். உடைந்து நின்ற போல்ட்டின் ஓரத்தில் முனையை ஊன்றி லேசாகத் தள்ளினாள்.

அது நகர்ந்தது.

அடேயப்பா! காலையில் ஸ்பேனரில் இரும்புக் குழாயை மாட்டி நான் ஆளே தொங்கினேன், அசைந்து கொடுக்கவில்லை. இப்போது ஒரு ஊசிக்குத் திரும்பியது. ஒவ்வொரு தள்ளலுக்கும் மயிரிழை அளவு கீழே இறங்கியது. புரிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன, எண்ணெய்ப் பளபளப்போடு, துரு ஒரு பொட்டுக்கூட இல்லாமல். எனக்குக் கும்பிடத் தோன்றியது. கடைசியில் விரலாலேயே சுழற்றி எடுத்துவிட்டாள்.

"எப்படிம்மா?"

மனைவி உள்ளே வண்டியின் காகிதங்களைத் தேடிக்கொண்டிருந்தாள். மச்சினி குரலைத் தாழ்த்தினாள்.

"துருவாவது மண்ணாவது. மாமா, நீங்க இத கழட்டல, இறுக்கியிருக்கீங்க. போல்ட் தலை தரையப் பாத்து இருக்கு. மேலேருந்து குனிஞ்சு திருப்புனா பக்கம் மாறிடும். இறுக்கி உடைஞ்சதால, தலை போனதும் பிடி விட்டுடுச்சு. அக்காகிட்ட நான் சொல்லல."

தான் கொண்டுவந்திருந்த புது போல்ட்டை விரலால் பாதி ஏற்றிவிட்டுக் கைகழுவப் போனாள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தத் துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றேன். இவ்வளவு நேரமும் அது சும்மாதான் உள்ளே இருந்திருக்கிறது.

மனைவி வந்து தானே வண்டிமுன் குந்தினாள். கையை அடியில் விட்டு ஸ்பேனரை மாட்டியவள் நிறுத்தினாள்.

"எந்தப் பக்கங்க திருப்பணும்?"

மணி இரண்டேகால். வலமென்றோ இடமென்றோ சொல்லித் தப்பித்திருக்கலாம்.

"காலையில நான் திருப்புன பக்கம்."

நிமிர்ந்து பார்த்தாள். புரிந்துவிட்டது. வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன். எழுந்து ஸ்பேனரை என் கையில் திணித்தாள்.

"அப்ப நீங்களே இறுக்குங்க. அதுதான் உங்களுக்கு நல்லா வருதே."

ஹேண்டிலை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். நான் தரையில் மல்லாந்து படுத்து, இரண்டே விரலால் திருப்பினேன். போல்ட் மெல்ல மெல்ல உள்ளே ஏறியது.