இரண்டு தட்டு

மாப்பிள்ளைக்கு லிஃப்ட் என்றாலே பயம். அதில் ஏறிப் போகிறவர்களுக்கு அது ஒரு பெட்டி. பொத்தானை அமுக்கிவிட்டுக் கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொண்டு நிற்கலாம், மாடி தானாக வரும். கதவைச் சாவி போட்டுத் திறந்து, பெட்டி இல்லாத இடத்தில் கீழே எட்டிப் பார்க்கிறவனுக்குத்தான் அது குழி என்று தெரியும். கிரீஸ் நாற்றமும் சில்லென்ற காற்றும் மேலே ஏறிவரும் அந்தக் கறுப்புக் குழியை அவன் ஐந்து மாதமாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். பழகப் பழகப் பயம் தெளியும் என்பார்கள். அவனுக்கு நாளுக்கு நாள் கூடிக்கொண்டுதான் போனது.

மாமனாருக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி. கம்பெனி என்றவுடன் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு மேஜை, ஒரு வேன், வேனை ஓட்ட ஒரு மகன், அவ்வளவுதான். மாப்பிள்ளை அதற்கு முன் ஒரு செருப்புக் கடையில் விற்பனையாளனாக இருந்தான். முக்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களின் குதிகாலை உள்ளங்கையில் தாங்கி, ஷூவுக்குள் நுழைத்துப் பார்க்கும் வேலை. வாங்குகிறவர் "சரியா இருக்குப்பா" என்று சொன்னாலும், கண்ணாடி வரை போய்த் திரும்பும் நடையிலேயே எங்கே கடிக்கிறது என்று இவன் கண்டுபிடித்துவிடுவான். கடிக்கிற ஜோடியைத் தலைகீழாக நின்றாலும் விற்க மாட்டான். "நீ விக்க வந்தியா, வைத்தியம் பாக்க வந்தியா?" என்று முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். அந்தக் கடை மூடப்பட்ட அன்று மாமனார் வேனில் வந்து இறங்கினார்.

"அடுத்தவன் காலைப் பிடிக்கிற பொழப்பு போதும் மாப்ளே. நாளையிலேருந்து நம்மகிட்ட வந்துடுங்க."

கர்ப்பமாக இருந்த மனைவி பக்கத்திலேயே நின்றாள். மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

ஐந்து மாதம் கழித்து, ஒரு நாள் காலை அவளே கேட்டாள். "தூக்கத்துல 'கதவை மூடு, கதவை மூடு'ன்னு கத்துறீங்க. இன்னிக்கு அப்பாகிட்ட சொல்லிடுங்களேன், இது எனக்கு ஒத்துவரலைன்னு."

"சாயந்தரம் சொல்லிடறேன்" என்றான். சொல்லிவிட்ட பிறகு வீட்டுக்கு எதைக் கொண்டுவருவது என்ற கவலை வேறு. எந்தப் பக்கம் திரும்பினாலும் பயம்தான். தட்டில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினான்.

மத்தியானம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து போன் வந்தது. லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது, உள்ளே ஒரு நர்ஸ் மாட்டிக்கொண்டிருக்கிறார். மைத்துனன் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வேனை விரட்டினான். அவனுக்குப் பயம் என்றால் என்ன விலை என்று தெரியாது.

"நீங்க ரெண்டாவது மாடி வாசல்ல நில்லுங்க அத்தான். நான் மேல போய் பிரேக்கை விட்டு மூணாவது மாடிக்கு ஏத்திடறேன். அஞ்சு நிமிஷத்து வேலை."

"என் கடைசித் தட்டுக்கு நின்னு கேட்டுட்டு விடு தம்பி."

"ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்னு நாம என்ன ஏலமா விடறோம்?" சிரித்தபடி படிகளில் தாவி ஏறிப் போனான்.

இந்தத் தட்டு மாமனார் போட்ட சட்டம். மொட்டைமாடி மோட்டார் அறையில் செல்போன் எடுக்காது. அதனால் கீழே நிற்கிறவன், எல்லாம் சரியாக இருக்கிறது என்று பார்த்த பிறகு, வாசலின் இரும்புச் சட்டத்தில் ஸ்பேனரால் இரண்டு தட்டு தட்ட வேண்டும். அந்தச் சத்தம் குழி வழியாக மேலே போகும். மேலே இருப்பவன் இரண்டு தட்டித் திருப்பிக் கேட்பான். கீழே இருப்பவன் மறுபடியும் தட்டினால்தான் பிரேக்கை விடலாம்; விட்டதும் மறுபக்கம் தொங்கும் எடை இழுத்துப் பெட்டி மேலே ஏறும். ஒரே ஒரு தட்டு என்றால் நிறுத்து என்று அர்த்தம். கடைசித் தட்டுக்குக் காத்திருக்கும் வழக்கத்தை மைத்துனன் எப்போதோ கைகழுவிவிட்டான். இதுவரை ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததுதான் மாப்பிள்ளையை இன்னும் பயமுறுத்தியது.

இரண்டாவது மாடியின் கதவைச் சாவி போட்டு விலக்கினான். பெட்டியின் தரை அவன் நெஞ்சளவு உயரத்தில் நின்றது. அதற்குக் கீழே குழி வாயைத் திறந்துகொண்டிருந்தது. பெட்டியின் உள்கதவைக் கையாலேயே இழுத்துத் திறந்துவிட்டு, நர்ஸ் அம்மா விளிம்பில் உட்கார்ந்து இரண்டு காலையும் வெளியே தொங்கப் போட்டிருந்தார். வெள்ளைச் சீருடை, வெள்ளை ஷூ.

"தள்ளுங்க தம்பி, குதிச்சிடறேன். டியூட்டிக்கு நேரமாச்சு."

"வேண்டாம்மா, வேண்டாம். உங்களுக்கு அடியில குழி இருக்கு. குதிக்கும்போது வழுக்கிச்சுன்னா அதுக்குள்ளதான் போவீங்க. காலை முதல்ல உள்ள எடுங்க."

"நான் தினம் ரத்தத்தைப் பாக்குறவ. இது ஒரு உயரமா?"

அவர் இன்னும் முன்னால் நகர்ந்தார். மாப்பிள்ளை வேண்டாம் என்று இடது கையை நீட்டினான். வலது கையில் ஸ்பேனர், இரும்புச் சட்டத்தின் பக்கத்தில். வியர்வையில் நனைந்த அந்தக் கை அவன் பேச்சைக் கேட்காமல் வெடவெடவென்று நடுங்கியது.

டக். டக்.

என்ன சத்தம் என்று ஒரு கணம் அவனுக்கே விளங்கவில்லை. மேலேயிருந்து பதில் வந்தபோதுதான் விளங்கியது. டக், டக். நிறுத்து என்று ஒரு தட்டு தட்ட வேண்டும், ஒரே ஒரு தட்டு. கையை ஓங்கினான். ஸ்பேனர் விரல்களிலிருந்து நழுவிக் குழிக்குள் போனது. அது அடியில் விழுந்த சத்தம் கேட்பதற்குள், மேலே பிரேக் முனகியது.

"நிறுத்துடா!" என்று கத்தினான். மோட்டார் அறை வரை அது எட்டவில்லை.

பெட்டி மெதுவாக ஏறத் தொடங்கியது. நர்ஸ் அம்மாவின் கால்கள் வாசலின் மேல்சட்டத்தை நோக்கிப் போயின. கத்தரிக்கோலின் ஒரு அலகு அந்தச் சட்டம், இன்னொரு அலகு பெட்டியின் விளிம்பு. அவருக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். "ஐயோ!" என்றார், கால் மட்டும் அசையவில்லை.

மாப்பிள்ளை யோசிக்கவில்லை. குழியின் விளிம்பில் நின்று முன்னால் சாய்ந்து, ஒரு கையால் இரண்டு குதிகாலையும் தாங்கி, இன்னொரு கையைப் பாதங்களின் மேல் வைத்து, முட்டி மடங்கும்படி தூக்கி உள்ளே தள்ளினான். அவர் பின்பக்கமாகப் பெட்டிக்குள் உருண்டார். ஒரு ஷூ கழன்று விளிம்பிலேயே தங்கியது. இவன் கையை இழுத்துக்கொண்டான். ஷூ மேல்சட்டத்தில் மாட்டியது, நெரிந்தது, தோல் கிழிகிற சத்தத்தோடு தட்டையாகிக் கீழே விழுந்தது. அதற்குள் கால் இல்லை என்று தெரிந்திருந்தும், அவன் குழியை எட்டிப் பார்க்காமல் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டான்.

மூன்றாவது மாடியில் கதவு திறந்தது. நர்ஸ் அம்மா ஒற்றை ஷூவோடு படியிறங்கி வந்து, கூடியிருந்தவர்கள் எல்லோரிடமும் சொன்னார். "இந்தத் தம்பி இல்லைன்னா எனக்கு இன்னிக்குக் காலே இருந்திருக்காது."

மைத்துனன் முதுகில் ஓங்கித் தட்டினான். "சிங்கம் அத்தான் நீங்க!"

சிங்கத்துக்கு எழுந்து நிற்க முடியவில்லை.

சாயந்தரம் மாமனாரின் ஆபீஸுக்குள் நுழைவதற்கு முன்பே சேதி போய்ச் சேர்ந்திருந்தது. மனிதர் முகமெல்லாம் பல். மேஜை மேல் ஒரு புதுச் சாவிக்கொத்தும் ஒரு புது ஸ்பேனரும் இருந்தன.

"உக்காருங்க மாப்ளே. அந்தப் பெரிய டவர் இருக்குல்ல, அதோட லிஃப்ட் வேலை நமக்கு வந்திருக்கு. இனி அது முழுக்க உங்க பொறுப்பு. இன்னிக்குக் காட்டிட்டீங்க, இதுதான் உங்க தொழில்னு."

வாயை மூடிக்கொண்டு சாவியை எடுத்துக்கொண்டால் போதும். மனைவி சந்தோஷப்படுவாள், பிறக்கப்போகும் பிள்ளைக்குக் குறை இருக்காது, ஊரே மெச்சும். மாப்பிள்ளை சாவியைப் பார்த்தான். அந்த டவர் குழி எத்தனை ஆழம் இருக்கும் என்றுதான் மனம் கணக்குப் போட்டது.

"மாமா, அந்த ரெண்டு தட்டு நான் தட்டலை."

"என்ன?"

"கை நடுங்குச்சு. ஸ்பேனர் சட்டத்துல பட்டுடுச்சு. தம்பி அதைக் கேட்டுத்தான் பிரேக்கை விட்டான். அந்தம்மாவைச் சாகடிக்கப் பாத்ததும் நான்தான்."

நாற்காலியில் சாய்ந்திருந்த மைத்துனன் நிமிர்ந்தான். அவன் வாயில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோனது. "நான் பதில் தட்டினேனே..." என்றான். பிறகு குரல் இறங்கியது. "நீங்க மறுபடி தட்டலை. நானும் நிக்கலை."

மாமனார் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "அந்தம்மாவுக்குத் தெரியுமா?"

"இன்னும் தெரியாது. நாளைக்குப் போய்ச் சொல்லணும்."

"எதுக்கு? ஒண்ணும் ஆகலையே. விடுங்க மாப்ளே." அவர் குரலைக் குழைத்தார். "எனக்கும் ஆரம்பத்துல நடுங்கிச்சு. போகப் போகப் பழகிடும்."

"அதுதான் மாமா பயமா இருக்கு. தம்பிக்குப் பழகிடுச்சு. எனக்கும் ஒரு நாள் பழகிடும். அப்புறம் நானும் நின்னு கேக்க மாட்டேன்."

மாமனாரின் முகம் சிவந்தது, பிறகு அந்தச் சிவப்பு வடிந்தது. "இதை விட்டா வேற என்ன தெரியும் உங்களுக்கு?" என்றார். குத்திக்காட்டத்தான் கேட்டார். ஆனால் கேட்ட குரலில் பாதி கவலை.

மாப்பிள்ளை தன் கைகளைப் பார்த்தான். இப்போதும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தன. நர்ஸ் அம்மாவின் குதிகாலைப் பிடித்திருந்த அந்த நேரத்தில் மட்டும் அவை நடுங்கவில்லை. அது அவனுக்கு இப்போதுதான் உறைத்தது.

"காலு தெரியும் மாமா. உங்க இடது கால் ஷூ சுண்டுவிரல்கிட்ட கடிக்குது. நான் பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே பாத்தேன். சொல்ல வாய் வரலை."

மாமனார் இடது காலை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

மாப்பிள்ளை சாவிக்கொத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தான். நாளைக்கு எந்தக் கடைப் படியில் ஏறி வேலை கேட்பது, வீட்டுக்குப் போய் மனைவியிடம் எப்படிச் சொல்வது, நர்ஸ் அம்மா காறித் துப்பினால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். பயம் போகவில்லை. ஆனால் இந்தப் பயங்களில் யாருடைய காலும் தொங்கவில்லை.

"அப்போ டவருக்கு நாளைக்கு நீயே போடா" என்று மாமனார் மகனைப் பார்க்காமல் சொன்னார்.

மைத்துனன் எழுந்தான். சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பிறகு ஸ்பேனரை எடுத்தான். அது அவன் கையில் ஆடி, மேஜை விளிம்பில் போய்ப் பட்டது.

டக். டக்.

மூன்று பேரும் அதைக் கேட்டார்கள்.