வலது பக்கத்து அலை

இசைவாணி தன் வாயால் சொன்ன ‘வீட்ல’ என்ற ஒரு சொல் வேண்டும். மூன்றே எழுத்து. காலை பத்து மணிக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த நல்லசிவம் பகல் ஒரு மணி ஆகியும் அதைத் தேடிக்கொண்டிருந்தான். ‘தீபாவளி’ இருந்தது. ‘எல்லாருக்கும்’ இருந்தது. ‘ஜவுளி’ பதினோரு இடத்தில் இருந்தது. ‘தள்ளுபடி’க்குப் பஞ்சமே இல்லை. இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து பேசிவிட்டுப் போனவள், சிவகாசியில் உள்ள பாதிக் கடைகளின் பேரைச் சொன்னவள், இந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லாமலே கல்யாணம் முடித்துப் போய்விட்டாள். அவனுக்கு அவள்மேல் கோபம்கூட வந்தது.

ஒரு வணிக வளாகத்தின் மாடிப்படிக்குக் கீழே இருந்த அறைதான் நல்லசிவத்தின் ரெக்கார்டிங் கடை. ஆட்டோவில் இரண்டு ஹார்ன் கட்டி ஊருக்குள் விளம்பரம் ஓட்டுகிறார்களே, அதற்குப் பேசிப் பதிந்து கொடுப்பது அவன் தொழில். ஜவுளிக் கடைத் திறப்பு, கோயில் கொடை, காணவில்லை அறிவிப்பு, இறப்புச் செய்தி எல்லாம் ஒரே தொண்டைதான். ஆனால் தீபாவளி சீசனுக்கு வெறும் அறிவிப்பு எடுபடாது, புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்வதுபோல் வேண்டும் என்று கடைக்காரர்கள் கேட்க ஆரம்பித்தபோதுதான் இசைவாணி வந்து சேர்ந்தாள். வாரம் முழுக்க வேன் ஏறிப் போய்ப் பட்டாசுக் கம்பெனியில் லேபிள் ஒட்டுகிறவள். பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பித்துப் பரிசு வாங்கியவளாம். முதல் சில வாரங்கள் அவள் அம்மா பஞ்சம்மாளும் கூட வந்து வாசலில் உட்கார்ந்திருந்தாள். பிறகு, இவன் ஒரு அப்பிராணி என்று முடிவு செய்துவிட்டாள் போலிருக்கிறது, மகளைத் தனியாக அனுப்பினாள்.

“என்னங்க, தீபாவளி வந்துருச்சே. துணி எடுக்க வேண்டாமா?” என்று அவள் கேட்பாள்.

“எடுத்துட்டாப் போச்சு. எங்க எடுக்கலாம், நீயே சொல்லு” என்பான் இவன்.

“பஜார்ல குத்தூஸ் ஜவுளி இருக்கையில வேற எங்க போகணும்? நம்ம ரெண்டு பேருக்கும் அங்கனயே எடுத்துருவோம்.”

இரண்டாயிரத்து நான்காம் வருஷத் தீபாவளிக்குப் பதிந்தது. இப்போது இரண்டாயிரத்து ஆறு. பதிந்த கையோடு வந்த தை மாதமே அவளுக்குக் கல்யாணமாகி ஏழாயிரம்பண்ணைக்குப் போய்விட்டாள். ஆனால் குத்தூஸ் பாய் போன வருஷமும் அதையே ஓட்டினார். தீபாவளிக்கு முந்திய இருபது நாளும் நல்லசிவம் மத்தியானச் சாப்பாட்டைப் பஜார்ப் பக்கம் வைத்துக்கொண்டான். சோற்றுக்கு மோர் ஊற்றும்போது ஆட்டோ கடந்து போகும். கை அப்படியே நிற்கும். முப்பத்தெட்டு வயதாகியும் தனிக்கட்டையாக இருக்கிற அவனைப் பார்த்து, இன்னொருத்தன் பெண்டாட்டியாகிவிட்ட ஒருத்தி, “என்னங்க” என்று ஊருக்கே கேட்கும்படி கூப்பிட்டுக்கொண்டு போனாள். அந்த இருபது நாள்தான் அவனுக்கு வருஷம். மிச்சமெல்லாம் சும்மா நாள் கழிவது.

அதற்குத்தான் இன்று காலை ஆபத்து வந்தது.

“அதென்னப்பா, ரெண்டு பேருக்கும், ரெண்டு பேருக்கும்னு?” என்றார் பாய். “ரெண்டு பேர்னா ரெண்டு உருப்படிதானே எடுப்பாக. மாமனார், மாமியா, நாத்தனா, புள்ளைகன்னு ஒருத்தரும் இல்லையாக்கும்? ‘வீட்ல எல்லாருக்கும்’னு மாத்து.”

“அந்தப் புள்ள இப்ப இங்கன இல்ல பாய். இருக்கிறதுல வெட்டி ஒட்டணும். ‘குடும்பத்தோட’ன்னு வேணா அது குரல்ல இருக்கு.”

“குடும்பம்னா ரேஷன் கார்டு மாதிரில்ல இருக்கு. வீட்லன்னாத்தான் காதுக்கு ஒட்டும். சாயந்தரத்துக்குள்ள முடியலன்னாச் சொல்லிரு சிவம். மதுரையில ஆள் சொல்லி வச்சிருக்கேன். புதுசா ரெண்டு குரல் போட்டு எடுத்துருவோம்.”

இதில் பாதியைப் பாய் அவனுடைய வலது பக்கம் நின்று சொன்னார். நல்லசிவம் நாற்காலியைத் திருப்பி, பேப்பரை எடுக்கிறவன்போல் இடது பக்கத்தைக் காட்டிக்கொண்டான். இந்தத் திருப்பம் அவனுக்குப் பத்தொன்பது வருஷப் பழக்கம். சொந்த ஊரான மல்லாங்கிணற்றிலிருந்து பத்தொன்பது வயதில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போனான். காயப்போட்டிருந்த சரக்கு ஒருநாள் வெடித்தது. மற்றவர்களுக்கு நேர்ந்ததைப் பார்த்தால் இவனுக்கு ஒன்றுமே இல்லை என்று சொல்ல வேண்டும். வலது காது மட்டும் அன்றோடு போயிற்று. அதை அறிந்த அவன் அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். சிவகாசியில் ஒருவருக்கும் தெரியாது. சத்தத்தை வெட்டி ஒட்டிப் பிழைக்கிறவனுக்கு ஒரு காது செவிடு என்று தெரிந்தால் எவன் வேலை கொடுப்பான், அதைவிட எவன் பெண் கொடுப்பான் என்று அவனாக நினைத்துக்கொண்டான். யாரையும் கேட்டுப் பார்க்கவில்லை.

ஸ்டீரியோ என்பது அவனுக்குக் கண்ணால் பார்க்கிற சங்கதி. திரையில் மேலும் கீழுமாக இரண்டு பச்சை அலைகள் ஓடும். மேலே இருப்பது இடது, கீழே இருப்பது வலது. கம்ப்யூட்டரில் மைக் செருக ஒரே ஓட்டைதான். அதில் ஒரு பிரிப்பு வயரைப் போட்டு இரண்டு மைக்கை மாட்டினான். அவன் பேசுவது மேல் அலை, இசைவாணி பேசுவது கீழ் அலை. ஒருவர் பேசும்போது மற்றவர் அலையில் வருகிற பெருமூச்சையும் வளையல் சத்தத்தையும் அழித்துவிட்டு, இரண்டையும் ஒன்றாகக் கலந்து, மோனோவாக்கிக் கொடுக்க வேண்டும்.

முதல் தடவை இந்தக் கலக்கிற வேலையை அவன் செய்யவில்லை. ஸ்டீரியோவாகவே சி.டி.யில் ஏற்றி ஆட்டோக்காரர் காளிராஜிடம் கொடுத்துவிட்டான். ஆட்டோ ஆம்ப்ளிஃபயரில் இடது வயர் மட்டும்தான் சொருகியிருந்தது. ஆகவே அரைநாள் முழுக்க ஊருக்குள் புருஷன் மட்டும் பேசிக்கொண்டு போனான். எந்தக் கடை விளம்பரமானாலும் புருஷன் பேச்சு மாறாது. “எடுத்துட்டாப் போச்சு.” கொஞ்ச நேரம் வெறுமை. “எங்க எடுக்கலாம், நீயே சொல்லு.” மறுபடியும் வெறுமை. டீக்கடையில் கேட்டார்கள்: “என்ன சிவம், பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாளா?” அடுத்த ஞாயிறு இசைவாணியிடம் சொன்னபோது அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தாள். பிறகு, “பாவம், ஒத்தையிலயா பேசிட்டுப் போனாரு அவரு” என்றாள்.

மேசை இடது சுவரை ஒட்டிக் கிடந்ததால் அவளுக்கு ஸ்டூல் போட வலது பக்கத்தில்தான் இடம். பதியும்போது அவன் ஹெட்போன் மாட்டியிருப்பான். அவள் குரல் வலது குமிழில் வரும். அதாவது, அவனுக்கு வராது. அவன் மைக்கில் ஒழுகி விழுகிற மிச்சம் மட்டும் இடது காதில், அடுத்த தெருவில் யாரோ பேசுவதுபோல் கேட்கும். அவள் எழுந்து போன பிறகு ஹெட்போனைத் தலைகீழாக மாட்டி, வலது குமிழை இடது காதில் வைத்துக்கொண்டு கேட்பான். ஒன்றரை அடி தூரத்தில் இருந்தவளின் குரலை, அவள் வேன் ஏறி வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் அவன் பக்கத்தில் கேட்டான். நாற்காலியை அந்தப் பக்கம் மாற்றுவதற்கு அவளிடம் ஒரு காரணம் சொல்ல வேண்டியிருக்கும். அந்தக் காரணத்தைத் தவிர எல்லாவற்றையும் அவளிடம் பேசினான்.

ஊரில் எல்லோரும் அவனை அண்ணே என்பார்கள். அவள் மட்டும் அண்ணே என்று சொன்னதில்லை. எதுவுமே சொல்லிக் கூப்பிட்டதில்லை. மைக்குக்கு முன்னால்தான் ‘என்னங்க’. மைக்கை விட்டு வந்தால் மொட்டையாக, “தண்ணி குடிச்சுக்கிறவா?” என்பாள். கொஞ்சம் திமிர் பிடித்த பெண் என்று அப்போது நினைத்தான்.

மணி ஒன்றரை. ‘தேரடி வீதி’யிலிருந்து ‘வீ’யையும் ‘சாத்தூர் ரோட்ல’ என்பதிலிருந்து ‘ட்ல’வையும் வெட்டி ஒட்டிப் பார்த்தான். பேசும்போதே யாரோ அவள் கழுத்தைப் பிடித்தமாதிரி இருந்தது. கேட்கப் பொறுக்காமல் அழித்தான்.

கடைசியாக ஒரு சி.டி. மிச்சம் இருந்தது. வெட்டாமல் பதிந்த கோலத்திலேயே வைத்திருந்த பாய் கடை விளம்பரம். ஹார்டு டிஸ்கில் இடம் போதாது என்று மற்ற மூலப் பதிவுகளையெல்லாம் முடிந்த அன்றைக்கே அழித்துவிடுவான். பேச்சு முடிந்த பிறகு நீண்டுகொண்டு கிடக்கிற பகுதிக்கு அவன் வால் என்று பெயர் வைத்திருந்தான். வாலை அவன் கேட்பதில்லை. கண்ணால் பார்த்து வெட்டுவான். இந்த ஒரு சி.டி.யில்தான் வால் வெட்டாமல் கிடந்தது. அவள் கடைசியாக வந்த ஞாயிறு அது என்பதால் எடுத்து வைத்திருந்தான்.

வாலில் மேல் அலை, கடைசியில் அவன் ஏதோ பேசிய ஒரு மேட்டைத் தவிர, நேர்க்கோடாக ஓடியது. கீழ் அலையில் சின்னதாகச் சில மேடுகள் இருந்தன. வளையலாக இருக்கும், ஸ்டூலை நகர்த்தியிருப்பாள் என்று அன்றைக்கு நினைத்தது நினைவு வந்தது. சொல்லைத் தேடி வேறு போக்கிடம் இல்லாததால் கீழ் அலையை மட்டும் எடுத்துத் தனி மோனோவாக்கினான். சத்தத்தைக் கூட்டினான். மேசை விசிறியை நிறுத்தினான்.

“வீட்ல…” என்றாள் இசைவாணி.

சொல் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் அவன் பதிவை நிறுத்தப் போனான். அவள் நிறுத்தவில்லை.

“வீட்ல பேசி முடிக்கப் போறாக. ஏழாயிரம்பண்ணை மாப்பிள்ளை. எனக்கு இஷ்டமில்ல.” மூச்சு இழுக்கிற சத்தம். “நீங்க வந்து அம்மாட்ட ஒரு வார்த்தை கேட்டீகன்னா, நான் இத வேண்டாம்னு சொல்லிருவேன். கேப்பீகளா?”

பிறகு ஒன்றும் இல்லை. அன்றைக்குச் சுற்றிய விசிறியின் இரைச்சல் மட்டும். திரையின் அடியில் நொடிகள் ஓடின. ஐந்து, எட்டு, பதினொன்று. அந்தப் பதினொரு நொடியும் அவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்பது அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஹெட்போனைக் கழற்றாமலே குனிந்து, சி.டி. உறையில் ‘குத்தூஸ் ஜவுளி, தீபாவளி’ என்று குண்டு குண்டாக எழுதிக்கொண்டிருந்தான். ‘ஜ’ சரியாக வரவில்லை என்று அதன்மேலேயே இன்னொரு முறை எழுதினான்.

பன்னிரண்டாவது நொடியில், தூரத்திலிருந்து, அவள் மைக்கில் ஒழுகிய அவன் குரல் வந்தது.

“அம்புட்டுதான், முடிஞ்சிருச்சு. நீங்க கெளம்பலாம்.”

ஸ்டூல் நகர்ந்தது. வளையல் சத்தம். அதோடு பதிவு முடிந்தது.

நல்லசிவம் இன்னொரு முறை கேட்டான். அப்புறம் எத்தனை முறை கேட்டான் என்று அவனுக்கே தெரியாது. அவள் கேட்டதைவிட அவன் சொன்ன பதில்தான் தாங்க முடியாமல் இருந்தது. எவ்வளவு மரியாதையாகச் சொல்லியிருக்கிறான். கோபமில்லை, தயக்கமில்லை. அவள் இதை நினைத்துக்கொண்டே தாலிக்குக் கழுத்தை நீட்டியிருப்பாள். அதற்கு முந்திய ஞாயிறுகளில் எத்தனை வால்களில் என்னென்ன சொல்லியிருந்தாளோ. அவற்றையெல்லாம் பெருமையாக, சுத்தமாக, கண்ணால் பார்த்தே வெட்டி எறிந்திருக்கிறான். காது போனதற்காக அவன் அழுததில்லை. இப்போது அழுதான்.

மூன்றரை மணிக்கு முகத்தைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். முதல் ‘வீட்ல’வை மட்டும் பிடித்து, பிரதி எடுத்து, ‘எல்லாருக்கும்’ என்பதற்கு முன்னால் ஒட்டினான். வெட்டு தெரியாமல் உட்கார்ந்துகொண்டது. மூலப் பதிவை மூடும்போது, மாற்றங்களைச் சேமிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. வேண்டாம் என்றான்.

ஐந்து மணிக்குக் குத்தூஸ் பாய் வந்து நின்றுகொண்டே கேட்டார். முடிந்ததும் ஏதோ சொன்னார். வலது பக்கம் நின்றிருந்தார். நல்லசிவத்தின் கை பேப்பரைத் தேடிப் பழக்கத்தில் நகர்ந்தது. பிறகு நின்றுவிட்டது.

“இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க பாய்” என்றான். “எனக்கு அந்தக் காது கேக்காது.”

பாய் அவனைப் பார்த்தார். நாற்காலியைச் சுற்றிக்கொண்டு, சுவருக்கும் நாற்காலிக்கும் நடுவில் இருந்த இடுக்கில் உடம்பை ஒடுக்கி நின்றார்.

“ஒண்ணுமில்லப்பா. நல்லாத்தான் வந்திருக்கு. அந்த ஒரு வார்த்தைய மட்டும் ஏன் அது இம்புட்டு மெதுவாச் சொல்லுது?”

“அது அப்படித்தான் சொல்லுச்சு பாய்.”

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு, பஜார் முக்கில் சாப்பிட்டுவிட்டுக் கைகழுவிக்கொண்டிருந்தபோது அவன் அதைக் கேட்டான். சம்பளம் வாங்கிய ஜனம் தெருவை அடைத்துக்கொண்டு போனது. “என்னங்க” என்று அவள் கூப்பிட்டாள். ஒரு காது உள்ளவனுக்குச் சத்தம் கேட்கும், அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது தெரியாது. போன வருஷம்வரை அவன் அதைப் பொருட்படுத்தியதில்லை. ஆட்டோ எப்படியும் கடந்து போகும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுவான். இன்று ஈரக் கையோடு தெருவில் இறங்கினான். தேரடிப் பக்கம் பார்த்தான். ஆட்டோ இல்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பினான். அங்கேயும் தலைகள்தான் தெரிந்தன. “எங்க எடுக்கலாம், நீயே சொல்லு” என்று அவனுடைய குரல் கேட்டது. பின்னாலிருந்து யாரோ சைக்கிள் மணியை அடித்து அவனை ஒதுங்கச் சொன்னார்கள். அவன் ஒதுங்கவில்லை. நடுத்தெருவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டிருந்தான்.

“வீட்ல…” என்றாள் அவள், மெதுவாக.