பதினோரு இலக்கப் பூட்டு

என் தம்பி பூட்டுச் செய்கிறவன். தான் செய்த பூட்டுக்குள் தானே மாட்டிக்கொண்டதோடு என்னையும் மாட்டிவைத்தான். "கணக்கு டீச்சர் உன்னாலகூடத் திறக்க முடியாதுக்கா, வந்து பாரு" என்று விடுமுறை நாளில் ஆளில்லாத பட்டறைக்குக் கூப்பிட்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சோதனை அறையின் நான்கு பக்கமும் இரும்பு. இருவர் போனும் வெளியே மேசைமேல். கதவை அறைந்து சாத்தினான். உள்பக்கத் திரையில் ஓர் எண் எரிந்தது: 10969629647. இரண்டு பகா எண்களைப் பெருக்கி வந்தது. அவற்றில் சின்னதை அழுத்தினால் கதவு திறக்கும். அந்த இரண்டு எண்களையும் எழுதிய சீட்டை எடுக்கச் சட்டைப் பையில் கைவிட்டான். பேண்ட் பையிலும் விட்டான். முகம் வெளுத்துப்போனது.

பெருக்கி முடித்ததும் சீட்டைக் கிழித்துப்போடுவது பட்டறை வழக்கம். காலையில் கை தானாகக் கிழித்திருக்கிறது.

"ஞாபகத்துல இருக்குமேடா?"

"ஞாபகம் வச்சுக்கக் கூடாதுங்கறதுதான்கா முறை."

முறையாம், பெரிய முறை! மூன்று முறை தப்பாக அழுத்தினால் மறுநாள்வரை பூட்டு அசையாது. ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்கலாமென்றால் பத்தாயிரம் பகா எண்கள் வரிசையில் நிற்கின்றன.

அதற்குள் அவனுக்கு இழுப்பு வந்துவிட்டது. சின்ன வயதிலிருந்தே உள்ள வீசிங். இன்ஹேலரும் அதே மேசைமேல்.

"ரெண்டு எண்ணையும் எப்படி எடுத்தே?"

"தூர... தூரமா. கண்ணை மூடிக்கிட்டு."

"என்னைப் பார்த்துச் சொல்லு."

பார்க்கவில்லை. உதடு நீலம் பாரிக்கிறது, ஆனாலும் வாய் திறக்கவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன். ஐந்து நிமிடம் போயிருக்கும்.

"பட்டியல்ல... அடுத்தடுத்து இருந்த ரெண்டையும் எடுத்துட்டேன். சோம்பல்."

பக்கத்துப் பக்கத்து எண்களை எடுக்காதே என்பதுதான் வேலைக்குச் சேருகிறவர்களுக்கு அவன் சொல்லும் முதல் பாடம். ஆனால் அந்தத் தப்புதான் இப்போது எங்களுக்கு வழி. பக்கத்துப் பக்கத்து எண்கள் என்றால் பெருக்குத்தொகையின் வர்க்கமூலத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். கைப்பையிலிருந்த சாக்பீஸால் சுவரில் போட்டேன். வர்க்கமூலம் 104736க்கு ஒரு மயிரிழை கீழே. 104736ஐ வர்க்கமாக்கித் திரையிலிருந்த எண்ணைக் கழித்தால் மிச்சம் 49. ஏழின் வர்க்கம்! 104736உடன் ஏழைக் கூட்டினால் பெரியது, கழித்தால் சின்னது. 104729 என்று அழுத்தினேன்.

கதவு திறந்தது. அவனை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். இன்ஹேலரை இரண்டு தடவை உறிஞ்சி, சுவரில் சாய்ந்து, வெகுநேரம் மூச்சு வாங்கினான்.

"அறிவுகெட்டவனே, கேட்டதும் சொல்றதுக்கு என்னடா? செத்திருப்பியேடா!" என்று கத்தினேன்.

"வேற யாரு உள்ள இருந்தாலும் உடனே சொல்லியிருப்பேன்கா" என்றான். "உன்கிட்டதான் பயமா இருந்துச்சு."

மேற்கொண்டு திட்டாமல் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.