நிலைப்படி எடுத்த வீடு

டிரைவர் என்றால்தான் தெருவில் அவரைத் தெரியும். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர். அந்த மனிதருக்குக் கண் போய் இரண்டு வருஷம் ஆகிறது என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது. ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரியும். ஆள் தெரியாது, டம்ளர் தெரியாது. வெளியே சொன்னால் மகள் மூட்டை கட்டித் தன் ஊருக்கு அழைத்துப் போய்விடுவாள். அங்கே ஏழாவது மாடியில், யாராவது வந்து கையைப் பிடிக்கும்வரை மாப்பிள்ளையின் சோபாவில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதைவிடச் செத்துப்போகலாம் என்று நினைத்தார். விளையாட்டுக்கு நினைக்கவில்லை.

ஆகவே தெருவுக்கே தண்ணி காட்டினார். ரேடியோவில் செய்தி கேட்டுவிட்டு, பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு, அதையே அடுத்த வீட்டுக்காரரிடம் விலாவாரியாக அளப்பார். வீட்டுக்குள்ளோ அவர் வைத்ததுதான் சட்டம். கட்டிலிலிருந்து ஆறு எட்டு வைத்தால் காலில் நிலைப்படி தட்டும். அதைத் தாண்டினால் ஹால், அங்கிருந்து இன்னும் ஆறு எட்டில் வாசல். அறைக்கு அறை இரண்டு விரல் உயரத்துக்கு அந்த மரக்கட்டை உண்டு. ஹால் தரை வழவழ, சமையலறை சொரசொர. இடது கை பீரோவின் மூலையைத் தொட்டால் அடுத்தது குளியலறை. கண்ணின் வேலையைக் கால் பார்த்துக்கொண்டது, முணுமுணுக்காமல்.

போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு தப்பியது. ஆனால் அடுத்த வீட்டுக்காரர் சும்மா இராமல் மகளுக்குப் போன் போட்டுவிட்டார்.

மகள் கெட்டிக்காரி. அழுது ஆர்ப்பாட்டம் செய்யாமல், வயதானவர்கள் தனியாக இருக்க வீட்டை எப்படி மாற்றுவது என்று நாலு இடத்தில் விசாரித்தாள். கழிப்பறையில் கைப்பிடிக் கம்பி, உயரமான இருக்கை, வீடு முழுக்க வழுக்காத டைல்ஸ். பீரோவை ஓரம் கட்டுவது, கட்டிலைக் குளியலறைக்குப் பக்கத்தில் போடுவது. நீங்கள் இங்கேயே இருக்கத்தான் இத்தனையும் என்று அவள் போனில் சொன்னபோது அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கடைசியாக, கால் தடுக்குகிற நிலைப்படிகளை எல்லாம் எடுத்துவிடலாம் என்றாள்.

"அது இருந்துட்டுப் போகட்டுமேம்மா."

"எதுக்குப்பா?"

உங்கம்மா காலத்திலிருந்து இருக்கிறது என்று மழுப்பினார். அம்மாவே அதில் விரலை இடித்துக்கொண்டு எத்தனை தடவை திட்டியிருக்கிறாள் என்று மகள் சிரித்தாள். உண்மைதான். அதற்குமேல் பேசினால் குட்டு உடைந்துவிடும். சரி என்றார். அந்த ஒரு 'சரி'க்காக அவர் தன்னையே செருப்பால் அடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

வேலை முடியும்வரை தம்பி வீட்டில், விழுந்த வலி என்று சொல்லிக் கட்டிலோடு கிடந்தார். ஐந்தாம் நாள் காலை மகள் அழைத்து வந்து, சின்னக் குழந்தைக்குப் பொம்மை காட்டுவதுபோல ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். கம்பியைப் பிடித்துப் பார்த்து, கொத்தனார் கைகாரர்தான் என்று பாராட்டினார். அவள் குரலில் அத்தனை சந்தோஷம். மத்தியானம் அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது வாசலில் நின்று கை ஆட்டினார்.

திரும்பி உள்ளே வந்தார். நாலு எட்டு, ஐந்து, ஆறு. காலில் எதுவும் தட்டவில்லை. வீடு முழுக்க ஒரே தரை. ஹாலில் இருக்கிறாரா, அறைக்குள் வந்துவிட்டாரா, காலுக்குத் தெரியவில்லை. இடது கையை நீட்டினார், பீரோ இல்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது மாதிரி என்பார்கள். இவருக்குக் கண்ணைக் கட்டுகிற வேலைகூட மிச்சம்.

சிறுநீர் முட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டே போனார். ஒரு மூலை வந்தது, ஒரு ஜன்னல் வந்தது, நாற்காலி காலை வாரியது. மறுபடி அதே ஜன்னல். அந்த அருமையான கம்பிகள் எங்கோ பத்தடியில்தான் இருந்தன. அவரால் அடக்க முடியவில்லை. வேட்டி நனைந்து, தொடையில் சூடாக இறங்கிப் புது டைல்ஸில் சொட்டியது. சுவரில் நெற்றியை வைத்து, தன் வீட்டிலேயே வழி தெரியாத கிழவன், வாய்விட்டு அழுதார்.

அப்புறம் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, மகளுக்கென்று அவள் வைத்துக் கொடுத்திருந்த பொத்தானை அழுத்தினார்.

மணி அதே அறையில் அடித்தது. அவருக்குப் பின்னால், நாலடி தூரத்தில்.

அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"சார்ஜரை மறந்துட்டேன்பா," என்றாள் மகள். குரல் உடைந்திருந்தது. "தெருமுனையிலிருந்து திரும்பி வந்தேன். கதவு திறந்துதான் இருந்துச்சு."

"எப்பலேருந்து நிக்கிறே?"

"நீங்க சுவரைத் தடவ ஆரம்பிச்சதிலிருந்து. ஏதோ தேடுறீங்கன்னு நினைச்சேன். என் முகத்தைப் பார்த்தீங்க. நேரா பார்த்தீங்கப்பா. பார்த்துட்டு அப்படியே திரும்பிட்டீங்க."

அவர் நனைந்த வேட்டியைக் கையால் மறைத்துக்கொள்ளப் பார்த்தார்.

"அந்தப் படியெல்லாம் இருந்திருந்தா உனக்குத் தெரிஞ்சே இருக்காதும்மா."

"அதுதான்பா எனக்குப் பயமா இருக்கு."

மகள் வந்து கையைப் பிடித்தாள். வாழ்நாளில் முதல் தடவையாக, எந்தப் பக்கம் என்று கேட்காமல், அவள் இழுத்த பக்கம் நடந்தார். குளியலறை வாசலில் ஒரு நிமிஷம் நின்றார்.

"உன் ஊருக்கு நாம போக அடுத்த பஸ் எத்தனை மணிக்கும்மா?" என்று கேட்டார்.