ஒரே எண்ணில் இரண்டு பேர்

மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதும் அந்த நிறுவனத்தில் முடிவுகளுக்குத் தராதரம் உண்டு. ஒரு குழுவுக்குள் அடங்குவதை அந்தக் குழுவே முடித்துக்கொள்ளலாம். எல்லாரையும் பாதிப்பது மட்டும் கமிட்டிக்குப் போகும். அன்று கமிட்டி, தகவல்களை எந்த சர்வரில் வைப்பது என்று மாதக்கணக்கில் இழுத்த வாதத்தை இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது. முன்பதிவுக் குழுவின் தலைவி கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தபோது அக்காவிடமிருந்து போன் வந்தது. வெளியே வந்து எடுத்தாள்.

“அம்மா இறந்துட்டாங்கன்னு சொல்றாங்கடி.”

அப்பா போன துக்கமே இன்னும் ஆறவில்லை.

“எப்படிக்கா? காலையிலகூட பேசினேனே.”

“ஐயோ, அம்மா என் பக்கத்துலதான் உக்காந்திருக்காங்க. மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்கு வந்தோம். கம்ப்யூட்டர்ல இறந்தவங்கன்னு காட்டுதாம், தர மாட்டேங்கறாங்க.”

பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. “செத்தாலும் எனக்கு பிரஷர் இருக்குன்னு சொல்லுடி.”

அவளால் சிரிக்க முடியவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் ஓடுவதும் இவர்களுடைய மென்பொருள்தான். இருக்கைக்கு ஓடிப்போய்த் திரையில் பார்த்தாள். அப்பாவின் மரணம் அம்மா தலையில் ஏறியிருந்தது. அவர்கள் இருவருக்கும் ஒரே போன். ஒரு போன் எண் என்றால் ஓர் ஆள் என்பது அவள் குழு வைத்த விதி. “நம்ம டீம் சமாச்சாரம், கமிட்டிக்கு எதுக்கு?” என்று, குழுவில் எல்லாரும் தாடி என்று கூப்பிடும் புரோகிராமர் அன்று கேட்டான். அவளும் தலையாட்டினாள். வசதியாக இருக்கிறதே என்று மருந்தகம், ஆய்வகம், வார்டு என ஒவ்வொரு குழுவும் அந்த விதியின் மேலேயே கட்டிக்கொண்டே போயிருந்தது.

தாடியைக் கூப்பிட்டாள். “இது மாதிரி இன்னும் யாராவது இருக்காங்களான்னு தேடு.”

திரை நிறையப் பெயர்கள் உருண்டன. ஓரிடத்தில் தாடியின் கை நின்றது. பிரசவத்தில் இறந்த ஒரு தாய். அவள் எண்ணில் பதிவான பச்சைக் குழந்தைக்கு மருந்துகள் எல்லாம் ரத்து.

அவள் உடனே வார்டுக்கு போன் போட்டாள். நர்ஸ் எடுத்தாள்.

“குழந்தை நல்லா இருக்குங்க. மருந்து வரலையேன்னு டாக்டரையே கேட்டு வாங்கிப் போட்டோம்.”

அவள் கதவைத் தட்டாமலே கமிட்டிக்குள் நுழைந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

“அது உங்க டீம் விஷயம்தானே?” என்றார் தலைமை வடிவமைப்பாளர்.

“நாங்களும் அப்படித்தான் சார் நினைச்சோம்.”

மதியத்துக்குள் விதியை நிறுத்தினார்கள். அம்மாவுக்கு மாத்திரை கிடைத்துவிட்டது என்று அக்கா சொன்னாள். தாடி தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான். டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு, பட்டியலில் அடுத்த பெயரைப் பார்த்து அந்த ஆஸ்பத்திரிக்கு போன் போட்டாள்.